வியாழக்கிழமை வயிற்றுவலி

கெட்டுப்போன சாப்பாட்டைப் பற்றித் தன்னளவுக்குத் தெரிந்தவர் செல்லிப்பட்டில் வேறு யாரும் இல்லை என்பது சுப்பராயலுவின் எண்ணம். அதற்கு நியாயமான காரணமும் இருந்தது. காகிதத்தைப் படித்தவர் அவர்தான்.

காகிதம் வந்த கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். போன ஆவணியில் சுத்துக்கேணியில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து வெற்றிலை பாக்கு கைக்கு வருவதற்குள் நாற்பது பேர் பந்தலுக்குப் பின்னால் ஓடினார்கள். மாப்பிள்ளையும் ஓடினார், மாலையைக் கழற்ற நேரமில்லாமல். அம்மனுக்குக் கூழ் ஊற்றாத குத்தம் என்றார்கள் சிலர். பெண் வந்த ராசி என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். வில்லியனூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்த டாக்டர் பெண்ணையும் பார்க்கவில்லை, அம்மனையும் பார்க்கவில்லை. மோர் இருந்த பித்தளை அண்டாவைப் பார்த்தார். உள்ளே கையை விட்டு நகத்தால் சுரண்டினார். நகம் பச்சையாக வெளியே வந்தது.

"ஈயம் பூசி எத்தனை வருஷம் ஆச்சு?"

யாருக்கும் தெரியவில்லை. அண்டா பெண்ணின் பாட்டனார் காலத்தது. முதல் நாளே ஊற்றி வைத்த புளித்த மோர், ஈயம் போன இடத்திலெல்லாம் பித்தளையைத் தின்றிருந்தது. களிம்பேறிய அந்த மோரைத்தான் நாற்பது பேரும் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிக் குடித்திருந்தார்கள். "சாமி குத்தம் இல்லை, அண்டா குத்தம்" என்றார் டாக்டர். எல்லோரும் பிழைத்தார்கள். தையலம்மாளின் பெரியப்பா மட்டும் மூன்று நாள் இழுத்துக்கொண்டு கிடந்து பிழைத்தார். அந்த மூன்று நாளும் பக்கத்தில் உட்கார்ந்து கரண்டி கரண்டியாகக் கஞ்சி ஊட்டியவள் தையலம்மாள். அவள் சுப்பராயலுவின் மனைவி.

அதன் பிறகுதான் மேரியிலிருந்து காகிதம் வந்தது. பிரெஞ்சுக்காரன் ஆட்சி நடந்த அந்தப் பக்கத்தில் கொம்யூன் ஆபீசை மேரி என்றுதான் சொல்வார்கள். காகிதம் முழுவதும் பிரெஞ்சு. ஊரில் பிரெஞ்சு படித்து செர்த்திபிக்கா என்ற சான்றிதழ் வாங்கியவர் சுப்பராயலு ஒருவர்தான். வாங்கி முப்பத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. அதற்கு ஒரு வேலை வந்தது இப்போதுதான்.

கோயில் வாசலில் ஊரைக் கூட்டினார்கள். சுப்பராயலு கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு வரி பிரெஞ்சில் படித்தார், அதையே தமிழில் சொன்னார், நடுநடுவே இருமினார். புளி, மோர், எலுமிச்சை எதுவும் ஈயம் போன பித்தளையில் நிற்கக் கூடாது. சமைக்கிற கை சோப்புப் போட்டுக் கழுவிய கையாக இருக்க வேண்டும். ஈ உட்கார்ந்ததை மனுஷன் தின்னக் கூடாது. மீனும் கறியும் ராத்தங்கக் கூடாது. அப்படியும் யாருக்காவது வயிறு கெட்டால் வீட்டில் மிச்சம் மீதி எதுவும் இருக்கக் கூடாது, கெட்டவருக்கு உப்புப் போட்ட நொய்க்கஞ்சி தவிர எதுவும் கொடுக்கக் கூடாது. நாலாவது வரிக்கும் கஞ்சிக்கும் நடுவில் ஐந்தாவது என்று ஒன்று இருந்தது. அதைப் படிக்கும்போது தொண்டை கட்டிவிட்டது. முன்வரிசை எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டிருந்தது. ஆகவே அதை மளமளவென்று படித்து முடித்தார்.

தையலம்மாள் பெண்கள் பக்கத்தில் மோவாயைக் கையில் தாங்கி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் ஒரு தடவை காதில் விழுந்ததை எங்கேயாவது எழுதி வைத்துவிட்டு மறந்துபோகும் வசதி அவளுக்கு இல்லை.

வீட்டுக்கு வந்த சுப்பராயலு காகிதத்தைத் தன் கைப்பட அழகான தமிழில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினார். கோட்டைக் கழற்றாமலே உத்தரவு போட்டார்.

"தையலு, ஈயம் போன பாத்திரம் ஒண்ணு கூட இனிமே அடுப்படியில இருக்கக் கூடாது."

"எடுத்து வச்சிடறேன். வில்லியனூர்லேருந்து ஈயம் பூசறவர கூட்டியாந்துடுங்க."

"இந்தச் செவ்வாக்கெழமையே கூட்டியாறேன்."

குண்டான், அடுக்கு, தூக்கு, தவலை என்று பதினாலு உருப்படிகள் மாட்டுக்கொட்டகை மூலைக்குப் போயின. செவ்வாய்க்கிழமை வில்லியனூர் சந்தை. சுப்பராயலு போனார். காகிதம் படித்த கதையைச் சந்தையில் தெரிந்தவரான கமருதீன் கடையில் உட்கார்ந்து சொல்லிவிட்டு வந்தார். அடுத்த செவ்வாய்க்கிழமையும் போனார், சொன்னார், வந்தார். எட்டு மாதம் ஆயிற்று. பதினாலு பாத்திரமும் மூலையிலேயே இருந்தன. ஒரு தவலையில் கோழி அடைகாத்துக் குஞ்சும் பொரித்துவிட்டது. தையலம்மாள் மண்சட்டிகளிலேயே சமைத்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் காகிதம் சுப்பராயலுவை வேறொரு பக்கத்திலிருந்து கடித்தது. நாலாவது வரி. மீன் ராத்தங்கக் கூடாது.

விரால் குழம்பை அன்றைக்கே தின்பவர்கள் விரால் தின்னாதவர்கள் என்பது சுப்பராயலு சிறுவயது முதலே பிடித்திருந்த கொள்கை. புளியும் மிளகாயும் ராத்திரி முழுக்க உள்ளே இறங்கி, துண்டு கருத்து, குழம்பின் மேல் எண்ணெய் ஆடையாக நிற்க வேண்டும். காலையில் சூடான சோற்றில் அதை ஊற்றினால் அதற்குப் பெயர்தான் சாப்பாடு. எட்டு மாதமாக அந்தச் சாப்பாடு இல்லை. ராத்திரி சோறு முடிந்ததும் மிஞ்சின குழம்பு பக்கத்து வீட்டு வேலம்மாளிடம் போய்விடும். வாய்விட்டுக் கேட்க முடியாது. கேட்டால் தையலம்மாள் சுவரைப் பார்ப்பாள்.

இப்படி இருக்கையில்தான் சித்திரையில் ஏரி வற்றியது. புதன்கிழமை ஊரே ஏரியில் இறங்கி மீன் பிடிக்கலாம் என்று ஒரு வாரம் முன்னதாகவே தமுக்கடித்துச் சொல்லிவிட்டார்கள். அதே வாரம் பாகூரிலிருந்து மஞ்சள் தடவிய ஓலையும் வந்தது. தையலம்மாளின் அண்ணன் கண்ணையன் மகளுக்கு வியாழக்கிழமை மஞ்சள் நீராட்டு.

கண்ணையன் சைகோனில் பத்து வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அவர் பேச்சில் கப்பல் ஏறினால் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் கரை வராது. அத்தோடு அத்தை புருஷன் என்ற முறைக்கு, மேளத்துக்குப் பின்னால் சித்திரை வெயிலில் சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு தெரு சுற்ற வேண்டும். சாப்பாடு சுத்த சைவம். போன வருஷம் காதுகுத்துக்கு அழைத்தபோது சுப்பராயலுவுக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. அதற்கு முந்தின வருஷம் வீடு குடி போனபோது பல்வலி. இந்தத் தடவை போவதென்றே இருந்தார். நேர்மையாகத்தான் இருந்தார். புதன்கிழமை சாயங்காலம் வரைக்கும்.

புதன்கிழமை அவர் வலையில் முழங்கை நீளத்துக்கு இரண்டு விரால் விழுந்தன. தையலம்மாள் சோப்புப் போட்டுக் கை கழுவி, மண்சட்டியில் குழம்பு வைத்தாள். பொழுது சாயும் முன்பே இலை போட்டாயிற்று.

"இன்னா தையலு, சட்டி நெறைய வச்சிட்டியே. ரெண்டு பேரு தின்னு தீருமா?"

"தீரலன்னா வேலம்மா வூட்டுக்குக் குடுக்கறேன்."

"அவ்வளவுமா?"

"பின்ன? நாளைக்கி விடிஞ்சா பாகூர் போறோம். மீனு ராத்தங்கக் கூடாதுன்னு கோயில் வாசல்ல நின்னு கத்தினது யாரு?"

கத்தினவர் சோற்றைப் பிசைந்தார்.

"முன்னல்லாம் வச்சித்தான தின்னோம். இன்னா ஆயிடுச்சி?"

"அது காயிதம் வர்றதுக்கு முன்னாடி."

"காயிதம் பொதுவா சொல்றது. வெள்ளக்காரனுக்கு விராலப் பத்தி இன்னா தெரியும்?"

"அப்பன்னா சொவத்துல இருக்கறதக் கிழிச்சிப் போட்டுடட்டுமா?"

கிழித்தால் செர்த்திபிக்காவையே கிழித்த மாதிரி. "இருக்கட்டும், இருக்கட்டும். பேச்சுக்குச் சொன்னேன்" என்றார்.

தையலம்மாள் ஒரு கிண்ணத்தில் குழம்பை எடுத்துக்கொண்டு வேலம்மாள் வீட்டுக்குப் போனாள். மிச்சத்தை வந்து எடுப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள். சுப்பராயலு சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். நடுத்துண்டுகள் நாலு, தலை ஒன்று. தலை அவரைப் பார்த்தது. அந்த நிமிஷத்தில்தான், விராலின் கண்ணைப் பார்த்தபடி, சுப்பராயலுவின் மூளை வேலை செய்தது. குழம்பை மறைத்து வைப்பது. விடிந்ததும் வயிறு கெட்டுப்போவது. தையலம்மாள் பாகூர் போய்விடுவாள். தான், விரால், சூடான சோறு. வயிறு கெடுவது எப்படி என்று இந்த ஊரில் அவரைவிடத் தெரிந்தவர் யார்? யோசனை அவ்வளவு அழகாக இருந்ததால் ஒரு கணம் விராலைத் தின்னக்கூடத் தோன்றவில்லை.

எதில் ஊற்றுவது? அடுப்படி மண்சட்டிகள் எல்லாம் தையலம்மாளுக்குப் பெயர் சொல்லித் தெரியும். ஒன்று குறைந்தால் கேட்பாள். ஆனால் மாட்டுக்கொட்டகை மூலையில் எட்டு மாதமாகக் குவிந்து கிடக்கிற பாத்திரங்களில் ஒரு தூக்கு குறைந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? நல்ல பித்தளைத் தூக்கு, மூடியோடு. வேட்டி நுனியால் உள்ளே ஒரு துடை துடைத்தார். நாலு துண்டு, தலை, குழம்பு. மூடி போட்டு வைக்கோல்போரில் இடுப்பளவு உயரத்தில் கையை விட்டுச் செருகினார். திரும்பி வந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்து ஏப்பம் விட்டார்.

தையலம்மாள் வந்தாள். சட்டியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். சட்டியை மூடினாள். பிறகு மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கப் போனாள். வழக்கத்தைவிடச் சற்று நேரம் கழித்துத்தான் வந்தாள். வரும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

வியாழக்கிழமை வெளுத்ததும் சுப்பராயலு பாயில் சுருண்டுகொண்டு முனகினார்.

"இன்னாங்க?"

"வயிறு."

"வயித்துக்கு இன்னா?"

"பொரட்டுது. நேத்து சாப்ட்டது எதுவோ சேரல."

"எத்தினி வாட்டி போனீங்க?"

"நாலு."

"கொல்லைக்கி எடுத்தும்போற சொம்புல தண்ணி நெறைய அப்படியே இருக்குதே."

சுப்பராயலு கண்ணை மூடி யோசித்தார். "போவலாம்னு நாலு வாட்டி எழுந்தேன்" என்றார்.

"வாந்தி?"

"வர்ற மாதிரி இருக்குது."

"சாப்ட்டு எத்தினி நாழி கழிச்சி வலி எடுத்துச்சி?"

"இதெல்லாம் எதுக்குக் கேக்கற?"

"களிம்புன்னா சாப்ட்ட அரமணியில தூக்கிப் போடும். கெட்ட பண்டம்னா அஞ்சாறு மணி ஆவும். டாக்டரு பெரியப்பா வூட்ல சொன்னாரு. நீங்ககூட நின்னு தலைய ஆட்டினீங்க."

ஆட்டியது ஞாபகம் இருந்தது. எதற்கு ஆட்டினோம் என்பதுதான் ஞாபகம் இல்லை. "அஞ்சாறு மணின்னே வச்சிக்கயேன்."

"அப்ப மீனுதான்."

சுப்பராயலு பாதி எழுந்துவிட்டார். மீன் மேல் பழி விழுந்தால் மீனைத் தேட ஆரம்பித்துவிடுவாள். "மீனு இல்ல. மீன நீயும்தான தின்ன? உனக்கு ஒண்ணும் ஆவலியே."

"அதுவும் சரிதான். வேலம்மாவும் தின்னா. விடியறதுக்குள்ள வாசத் தெளிச்சிக் கோலம் போட்டுட்டா. அப்ப மீனு இல்ல. நாங்க ரெண்டு பேரும் திங்காதது, நீங்க மட்டும் தின்னது இன்னா?"

நல்ல கேள்வி. இதற்கு ஒரு பதில் வேண்டும். "மாங்கா ஊறுகாதான் போலருக்கு."

தையலம்மாள் ஊறுகாய்ச் சாடியைத் தூக்கினாள். போன மாதம்தான் போட்டது. இப்போதுதான் ஊறி, காம்பைத் தொட்டாலே சதை கழன்று வருகிற பதத்துக்கு வந்திருந்தது.

"அத எங்க எடுத்தும்போற?"

"குழியில கொட்டத்தான். வேற இன்னா தின்னீங்க?"

"வேற ஒண்ணும் இல்ல."

"மோரு?"

"மோரு நல்லாத்தான் இருந்துச்சி, தையலு."

"ஈ ஒக்காந்திருக்கும். கருவாடு?"

"கருவாட்ட நான் தொடவே இல்ல."

"தொடலன்னாலும் இருக்கக் கூடாதே. வயிறு கெட்ட வூட்ல மிச்சம் மீதி எதுவும் இருக்கக் கூடாதுன்னு நீங்கதான படிச்சீங்க."

மோர்ப்பானை போனது. கருவாட்டுக் கூடை போனது. பாகூருக்குக் கட்டியது போக மிஞ்சியிருந்த அதிரசம் போனது. அது நெய்யில் சுட்டது. ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்த சோறு போனது. சுப்பராயலு போர்வைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வழியனுப்பினார். போனால் போகட்டும். வைக்கோல்போர் இருக்கிறது.

வண்டி வந்து வாசலில் நின்றது. பாகூருக்குப் போகிற வழியில் இரண்டு இடத்தில் இங்கிலீஷ்காரன் எல்லை குறுக்கே வந்துவிட்டுப் போகும். அங்கே சுங்கக்காரன் மூட்டையை அவிழ்த்துப் பார்த்து நேரத்தைக் கடத்துவான். அதனால் வெயிலுக்கு முன்பே கிளம்ப வேண்டும். தையலம்மாள் பட்டுப் புடவையில் வந்து பாயின் பக்கத்தில் நின்றாள்.

"உங்கள இப்படி வுட்டுட்டு நான் எப்படிப் போவேன்? நானும் இருந்துடட்டுமா?"

சுப்பராயலுவின் முனகல் பாதியில் நின்றது. "நீ போ. உன் அண்ணன் பொண்ணு சடங்கு. அத்தக்காரி வரலன்னா ஊரு இன்னா சொல்லும்?"

"நீங்க சொல்றதால போறேன்."

அவள் கையில் வாழையிலை போட்டு வாய் கட்டிய மண்சட்டி ஒன்று இருந்தது.

"அது இன்னா?"

"கஞ்சி. வழியில குடிக்க. நீங்க இங்க கஞ்சி குடிக்கறப்ப நான் அங்க வேற இன்னாத்தத் திங்கறது?"

சுப்பராயலுவுக்கு நெஞ்சு இளகியது. இப்படிப்பட்டவளை ஏமாற்றுகிறோமே என்று ஒரு கணம் தோன்றியது. அப்போது எங்கிருந்தோ விரால் குழம்பு வாசனை வந்தது. அது தன் பசியின் வாசனை என்று நினைத்துக்கொண்டார். வண்டி தெருமுனை திரும்பும் வரை முனகினார். திரும்பியதும் நிறுத்தினார்.

பாயைச் சுருட்டி வைப்பதற்குள் வேலம்மாள் வந்துவிட்டாள். கையில் ஒரு செம்பு நிறையக் கஞ்சி.

"எப்படி இருக்குது மாமா?"

"தேவலாம். அங்க வச்சிட்டுப் போ."

"நீங்க குடிக்கிற வரைக்கும் நவுரக் கூடாதுன்னு அக்கா சொல்லிட்டுப் போச்சி."

"கொதிக்குதே."

"ஆறட்டும். எனக்கு வேல ஒண்ணும் இல்ல. எங்க வூட்ல இன்னிக்கி ஊறுகா, கருவாடு, மோரு எல்லாம் இருக்குது. சோறு மட்டும்தான் வடிக்கணும்."

சுப்பராயலு அவளைக் கூர்ந்து பார்த்தார். அவள் கஞ்சியை ஊதிக்கொண்டிருந்தாள். அவர் ஒரு மடக்குக் குடித்து, மிச்சத்தைக் கொஞ்ச நேரம் கழித்துக் குடிப்பதாகச் சத்தியம் செய்த பிறகுதான் போனாள்.

போனதும் சுப்பராயலு கஞ்சித் தண்ணீரை மாட்டுத் தொட்டியில் கவிழ்த்து, அடியில் நின்ற நொய்யை வாழையிலையில் வழித்துச் சேர்த்தார். சோறு என்று சொல்ல முடியாது. ஆனால் எட்டு மாதப் பசிக்கு முன்னால் நொய் என்ன, நெல் என்ன. இலையைக் கொட்டகை நிழலில் விரித்து வைத்துவிட்டு, வைக்கோல்போரில் இடுப்பளவு உயரத்தில் கையை விட்டார். தூக்கு இருந்தது. கனமாகவே இருந்தது. ஆட்டிப் பார்த்தார். உள்ளே குழம்பு அசைந்தது. சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நெற்றியில் வியர்வையைத் துடைத்தார். மூடியைத் திறந்தார்.

உள்ளே விரால் இல்லை. தலை இல்லை. எண்ணெய் ஆடை இல்லை. முக்கால் தூக்குக்குப் புளித்தண்ணீர் இருந்தது. புளித்தண்ணீர் இருக்க வேண்டிய நிறத்தில் அது இல்லை. பாசி படர்ந்த குளம் போல இருந்தது. தண்ணீர் நின்ற மட்டத்தில் பித்தளையைச் சுற்றிப் பச்சையாக ஒரு வளையம். சுப்பராயலு விரலால் தொட்டார். நகத்தால் சுரண்டினார். நகம் பச்சையாக வந்தது.

இந்த நகத்தை அவர் முன்னாலேயே பார்த்திருக்கிறார். சுத்துக்கேணியில், டாக்டர் கையில். பந்தலுக்குப் பின்னால் மாலையோடு ஓடிய மாப்பிள்ளை ஞாபகத்துக்கு வந்தார். மூன்று நாள் கிடந்த பெரியப்பா வந்தார். சுப்பராயலு விரலை வேட்டியில் அழுத்தித் துடைத்தார்.

"மாமா."

வேலிக்கு மேல் வேலம்மாளின் தலை தெரிந்தது.

"அதத் தொறந்துட்டீங்களா? தொறந்தா கீழ கொட்டிட்டுக் கைய சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லிச்சி அக்கா."

"வேலம்மா, இது இன்னாது?"

"நேத்து அந்தி சாய வைக்கோல் புடுங்க வந்தப்ப அக்கா கையில தட்டுப்பட்டுச்சாம். நீங்க வச்சிக் கால் நாழி ஆவறதுக்குள்ள எடுத்து மண்சட்டிக்கு மாத்திடுச்சி. தூக்கு சும்மா இருக்கட்டும்னு கொஞ்சம் புளியக் கரைச்சி ஊத்தி வச்சிச்சி. வெறும் புளியே இப்படிப் பண்ணுதுன்னா கொழம்பு இன்னா பண்ணியிருக்கும்னு நீங்க பாக்கணுமாம்." வேலம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "வெளுக்கறப்ப தொறந்து பாத்துட்டு அக்கா அப்படியே ஒக்காந்துடுச்சி, மாமா. பெரியப்பா ஞாபகம் போலருக்கு."

சுப்பராயலு புளித்தண்ணீரைக் கீழே கொட்டினார். மனசுக்குள் தையலம்மாளுக்கு ஒரு கும்பிடு போட்டார். போட்டு முடித்ததும் அடுத்த யோசனை வந்தது.

"மண்சட்டிக்கு மாத்தின கொழம்பு?"

"ராத்திரியே எங்க வூட்டு அடுப்புல ஒரு தரம் கொதிக்க வச்சி மூடிடுச்சி. காலையில மறுபடியும் தளதளன்னு கொதிக்க வச்சி எடுத்தும்போயிருக்குது. இன்னிக்கி சடங்கு முடிஞ்சி, நாளைக்கித் தீட்டெல்லாம் கழிஞ்சதும் அவங்க அண்ணனுக்குக் குடுக்க. மதியம் ஒரு வாட்டி, ராத்திரி ஒரு வாட்டி அங்கயும் கொதிக்க வைக்கணும்னு சொல்லிக்கினே போச்சி. அவருக்கு விராலுன்னா உசிராமே. சைகோன்ல பத்து வருஷம் நெனச்சி நெனச்சி ஏங்கினாராம்."

"மீனு ராத்தங்கக் கூடாதுன்னு காயிதத்துல இருக்குதே."

"அது நாலாவது. அஞ்சாவத அக்கா சொல்லிச்சி. வச்சித்தான் ஆவணும்னா மண்சட்டியில வச்சி, மூடி, ஒவ்வொரு வேளையும் கொதிக்கக் கொதிக்கச் சுட வச்சித் திங்கலாமாம். நீங்க அன்னிக்கிக் கோயில் வாசல்ல வேகமாப் படிச்சீங்களே, அதான்."

சுப்பராயலு எழுந்து அடுப்படிக்குப் போனார். சுவரைப் பார்த்தார். முத்து முத்தான எழுத்து. அவருடைய எழுத்துத்தான். ஐந்தாவது அங்கே இருந்தது. எட்டு மாதமாக இருந்திருக்கிறது. எட்டு மாதமாக வேலம்மாள் வீட்டுக்குப் போன குழம்பெல்லாம் ஒரு மண்சட்டியும் ஒரு கட்டு விறகும் இருந்தால் தனக்கே கிடைத்திருக்கும். "இத ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று தையலம்மாளைக் கேட்கலாம். நீங்கதான படிச்சீங்க என்பாள்.

வெளியே வந்தபோது நொய்யைக் கோழி கொத்திக்கொண்டிருந்தது. குஞ்சுகளும் இருந்தன. தவலையில் பொரித்தவை.

வாசலில் சலங்சலங்கென்று சத்தம் கேட்டது. தோளில் கரிமூட்டையும் கையில் தோல் துருத்தியுமாக ஒருவர் உள்ளே வந்தார். வில்லியனூரில் ஈயம் பூசுகிற சிராஜுதீன். எட்டு மாதமாகச் சுப்பராயலு கூட்டி வருவதாகச் சொல்லிக்கொண்டிருந்த ஆள். அவர் கேட்காமலே கொட்டகைக்குள் போய், மூலையில் இருந்த பாத்திரங்களை ஒரு பார்வை பார்த்து, தரையில் குழி பறிக்க ஆரம்பித்தார்.

"பதினாலுன்னாங்க. பதிமூணுதான் இருக்குது" என்றார்.

சுப்பராயலு கையிலிருந்த தூக்கைக் கொடுத்தார்.

சிராஜுதீன் உள்ளே பார்த்தார். மோந்து பார்த்தார். மூக்கைச் சுளிக்காமல் பதிமூன்றோடு சேர்த்து வைத்தார். தொழில்காரர். குழியில் கரியைக் கொட்டி, துருத்தியின் மூக்கை அதில் சொருகினார்.

"ஊதறதுக்கு ஆள் கூட்டியாரலியா பாய்?"

"வேணாம்னு அம்மா சொல்லிட்டாங்க. வியாழக்கெழம வாங்க பாய், கால் சுளுக்கும் பல்வலியும் ஆயிடுச்சி, அன்னிக்கி எங்க வூட்டுக்காரருக்கு வயிறு சரியா இருக்காது, எங்கியும் போவ மாட்டாரு, துருத்திய அவரே ஊதுவாருன்னாங்க."

"காலையில வண்டியில போறப்ப சொன்னாளா?"

"இல்லீங்க. செவ்வாக்கெழம, சந்தையில."

செவ்வாய்க்கிழமை விரால் இரண்டும் ஏரித் தண்ணீரில் உயிரோடு இருந்தன. புதன்கிழமை சாயங்காலம் தன் தலைக்குள் பிறந்த யோசனை செவ்வாய்க்கிழமையே வில்லியனூர் சந்தைக்குப் போய் வந்தது எப்படி என்று சுப்பராயலு விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

"உக்காருங்க ஐயா, கரி அணையுது" என்றார் சிராஜுதீன்.